முனியாண்டி இரவல் வாங்கிய லாடம்

கொட்டகலையில் நான் இப்போது குடியிருக்கும் தெருவில் பதினாறு வீடுகள். அவற்றில் ஏழு வீட்டு வாசல் நிலையில் குதிரை லாடம் அடித்திருக்கிறார்கள். நான்கு லாடங்கள் வாய் மேலே பார்த்தபடி, இரண்டு கீழே பார்த்தபடி. ஏழாவது வீட்டில் ஓர் ஆணி கழன்று, லாடம் பக்கவாட்டில் தொங்குகிறது. அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டும் சேர், ரெண்டு பக்கத்து அதிர்ஷ்டமும் வரட்டும்" என்கிறார். இப்படிப்பட்ட ஆட்களோடு என்ன பேசுவது?

எல்லாம் நுவரெலியா வாவிக் கரையில் வாங்கி வந்தவை. பொன்னிறச் சாயம் பூசி, சிவப்பு நாடா கட்டி விற்கிறார்கள். நான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இருக்கிறது, ஆணி ஏறி இறங்கிய அடையாளம் இல்லை. முனை தேயவில்லை. குதிரை மிதிக்காத லாடம் வெறும் வளைந்த இரும்புதான். அதை முச்சக்கர வண்டியிலும் மாட்டுகிறார்கள், எலுமிச்சம்பழத்துக்கும் பச்சை மிளகாய்க்கும் பக்கத்தில் பஸ்ஸின் முகத்திலும் மாட்டுகிறார்கள். ஒன்று போதாதென்று கினிகத்தேனைக் கடையொன்றில் மூன்றை வரிசையாக அடித்திருப்பதைப் பார்த்தேன். கல்லாவில் இருந்தவரிடம் இது எதற்கு என்று கேட்டேன். தெரியாது, மற்றக் கடையில் இரண்டு இருக்கிறது என்றார்.

எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் உண்டு. குதிரை ஏறவே முடியாத ஒரு மலையில் ஒரே ஒரு பழைய லாடம் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் தோட்டம் டயகமைக்கு மேலே, காட்டின் ஓரத்தில் இருந்தது. எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஒன்பதாவது எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா மரம் வெட்டுகிறவர். தோட்டத்தில் பெரிய மரம் சாய்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கோடாலியை எந்தப் பக்கம் முதலில் போட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவர் சாய்த்த மரம் ஒரு தேயிலைச் செடியைக்கூட நசுக்கியதில்லை. இந்தத் திறமைதான் பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். தீனி வைப்பது, தேய்த்து விடுவது, நடத்திக் கொண்டுபோவது. ஏப்ரல் பந்தயம் முடிந்ததும் கொஞ்ச நாள் லீவில் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் லயமே கலகலக்கும். நான் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் எழுதியபோது 'நாங்கள் லாயத்தில் வசிக்கிறோம்' என்று எழுதி, வாத்தியாரிடம் குட்டு வாங்கி வந்தேன். மாமா அந்தக் கட்டுரையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மருமகனே, மனுசன் இருக்கிறது லயம். குதிர இருக்கிறது லாயம். குதிரைக்கு ஒரு கால் கூட. வித்தியாசம் அவ்வளவுதான்."

"அப்ப எது மாமா நல்ல வீடு?"

"சந்தேகமென்ன, லாயந்தான். அங்க கூரை ஒழுகாது. ஒழுகினா தொர ராத்திரியே ஆள் அனுப்புவாரு."

அப்பா கேட்டுக்கொண்டே சுருட்டைப் பற்ற வைத்தார். அந்த வருடம் எங்கள் கூரை ஐந்து இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்தத் தடவை மாமா எனக்கு ஒரு லாடம் கொண்டுவந்து கொடுத்தார். வென்ற குதிரையின் லாடம் என்றார். மாமா சொன்ன எல்லாக் குதிரைகளும் வென்ற குதிரைகள்தான், ஆனால் லாடம் உண்மையானது. வலது முன்னங்காலுக்கு அடித்தது. வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று, ஆக ஏழு ஓட்டைகள். வெளிப்பக்கத்து மூன்றாவது ஓட்டையில் ஓர் ஆணி உடைந்து அப்படியே நின்றுவிட்டது. லாடத்தைத் தரையில் எவ்வளவு தட்டினாலும் அந்த ஆணி வெளியே வராது. நான் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்த லாடத்துக்கு நான் கண்டுபிடித்த பயன்களை எண்ணி வைத்திருந்தேன். கொய்யாப்பழம் அடிக்கலாம். காற்றில் பறக்காமல் புத்தகத்தை அமுக்கலாம். ஈர மண்ணில் பதித்தால் அழகான 'ப' விழும், வாத்தியார் எழுதுவதைவிடத் திருத்தமாக. கயிற்றில் கட்டித் தட்டினால் பள்ளிக்கூட மணி மாதிரி ஒலிக்கும். பெரியவர்களுக்கு வேறு பயன்கள் தெரிந்திருந்தன. இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்று அம்மா அதை வாசலில் அடிக்கச் சொன்னாள். வாய் மேலே இருந்தால்தான் அதிர்ஷ்டம் சிந்தாது என்று மாமா சொன்னார். கீழே இருந்தால்தான் நம் தலையில் கொட்டும் என்று அப்பா சொன்னார். பார்க்க வந்த கங்காணி, வாய் மேலே வைத்தால் அது நாமம் அல்லவா, நாம் பட்டை போடுகிறவர்கள் அல்லவா என்று ஒரு புதுச் சிக்கலைக் கிளப்பிவிட்டுப் போனார். ஆகவே வாசலில் அடிக்கும் திட்டம் நின்றது. லாடம் என் தகரப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கொழுந்தை லொறியில் நேராக ஆலைக்குக் கொண்டுபோக ஏழாம் நம்பர் மலையின் நடுவே ரோட்டு வெட்டத் தோட்டத்துத் துரை முடிவு செய்தார். ரோட்டுக் கயிறு பிடித்தபோது அது முனியாண்டி மரத்தின் மேல் நேராகப் போய் இடித்தது. அது ஒரு பெரிய காட்டு மரம். அதன் பெயர் என்ன என்று நான் கேட்ட யாருக்கும் தெரியாது, இன்றுவரை தெரியாது. அதன் அடியில் செங்குத்தாக நட்ட ஒரு கல். அதுதான் முனியாண்டி. பெண்கள் காலையில் மலையேறியதும் முதலில் பறித்த ஒரு கைப்பிடிக் கொழுந்தை அந்தக் கல்லின் தலையில் வைத்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்கள். அட்டை கடித்தாலும் பாம்பு குறுக்கே போனாலும் அவர்தான் கேட்க வேண்டியவர். இரவில் வெள்ளைக் குதிரை மேல் ஏறி மலையெல்லாம் காவல் சுற்றுகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பெரியவர்கள் போய்த் துரையிடம் கேட்டார்கள். ரோட்டைக் கொஞ்சம் வளைத்தால் மரமும் கல்லும் தப்பிவிடும். வளைத்தால் நாற்பது தேயிலைச் செடி போய்விடும் என்றார் துரை. சாமியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாமிக்கு எங்கே இருந்தால் என்ன என்றும் சொன்னாராம். அப்புறம் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மூலம் உத்தரவு வந்தது. மரத்தை வெட்ட வேண்டியவர் அப்பா.

அன்று மாலை அப்பா சாப்பிடவில்லை. கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருந்தார்.

"முடியாதுன்னு சொல்லிருங்க" என்றாள் அம்மா.

"சொன்னா பற்றுச்சீட்ட கையில குடுத்துருவாங்க. சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

பற்றுச்சீட்டு என்றால் எனக்குத் தெரியும். வேலையிலிருந்து நிறுத்தி, வீட்டையும் காலி செய்யச் சொல்லும் காகிதம். நான்காவது காம்பராக்காரர் அதை வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு பாலத்தைத் தாண்டிப் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். கடைசிப் பெண் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள்.

"அப்ப வெட்டப் போறீங்களா?"

"வெட்டினா அவர் கேக்க மாட்டாரா?" அப்பா மலைப்பக்கம் கை காட்டினார். "கேட்டா என்னைய கேக்கட்டும். நான் பயப்படுறது இவனை நெனச்சுத்தான்."

இவன் என்றது என்னை.    பிறகு அம்மா சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

"தம்பி, மழ பேஞ்ச மண்ணுல குதிர நடந்தா தடம் எப்பிடி விழும்?"

"நல்லா ஆழமா விழும்க்கா. லாடத்து ஓட்டைகூடத் தெரியும்."

"நடந்தா எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணு விழும்?"

மாமா எழுந்து இஸ்தோப்பில் நடந்து காட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் ஒரு வழியாகக் கவலையை விட்டுவிட்டுக் குதிரையைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துவார்கள். சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் குரல் வந்தது. ஏழாம் நம்பர் மலையில் பறிக்கும் பெண்களில் மூத்தவள் அவள். அவள் சத்தம் போட்டால் ஆலைச் சங்கு கேட்காது.

"ஏண்டி, குதிரைக்குக் காலு எத்தன?"

"நாலு, பெரியம்மா!" என்று நான் கத்தினேன்.

"சமத்துடா ராசா" என்றது சுவர். "கடைசிக் காம்பரா வரைக்கும் சொல்லிப்புடுறேன்."

குதிரைக்கு நாலு கால் என்பதைக் கடைசிக் காம்பரா வரைக்கும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. தெரியாதவர்கள் இருக்கலாம்.

காலையில் எழுந்து பெட்டியைத் திறந்தால் லாடத்தைக் காணோம். பெட்டியில் இருந்த மற்றச் சாமான் பதினொன்றும் பத்திரமாக இருந்தன. லாடம் மட்டும் இல்லை. பாயை உதறினேன், அடுப்படியில் தேடினேன், அழுதேன். அம்மா தலைக்குச் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டே, "எங்கயும் போயிருக்காது, வா" என்று என் கையைப் பிடித்து மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூட நாளில் என்னை மலைக்குக் கூட்டிப்போவது அவள் வழக்கமே இல்லை. எதிர்வீட்டிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

மரத்தடியில் துரையின் ஜீப் நின்றது. துரை, கண்டாக்கு ஐயா, கங்காணி. கொஞ்சம் தள்ளி அப்பா கோடாலியோடு. சுற்றிலும் பெண்கள். கூடையோடு நின்றவர்களை எண்ணினேன், எழுபத்திரண்டு பேர். யாரும் பறிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். காட்டு ஓரத்திலிருந்து முனியாண்டிக் கல்வரை ஈர மண்ணில் குதிரைத் தடம். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முப்பத்தாறு. நாலால் வகுத்தேன், மீதி வரவில்லை. குதிரைதான்! எனக்குப் புல்லரித்தது. எங்கள் மலைக்கு அதற்கு முன்னும் குதிரை வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கால் வைக்க இடம் இல்லாத சரிவு அது.

கல்லின் காலடியில், சேறு அப்பியபடி, ஒரு லாடம் கிடந்தது.

"தொரைங்களே, நீங்களே பாருங்க" என்று கங்காணி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "நாங்க என்னத்த சொல்றது. ஐயா குதிரையில வந்து எறங்கியிருக்காரு. இனிமே எவன் இந்த மரத்துல கோடாலி போடுவான்?"

துரை லேசுப்பட்டவர் இல்லை. அவருக்குக் குதிரை தெரியும். ஏப்ரல் மாதம் பந்தயத்துக்குப் போகாமல் இருந்ததே இல்லை. அவர் தடத்தை ஒட்டிக் காட்டு ஓரம்வரை நடந்தார், திரும்பி வந்தார், குந்தி உட்கார்ந்து ஒன்றை அளந்தார், இன்னொன்றை அளந்தார். எழுந்தபோது அவர் வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது.

"இது எல்லாம் ஒரே கால்" என்றார் தோட்டத்துத் தமிழில். "வலது பக்கம் முன்னங்கால். இதுவும் அதுதான். அதுவும் அதுதான். என்ன மேன், முனியாண்டி குதிரைக்கு நாலு காலும் வலது முன்னங்காலா?"

கங்காணி கட்டிய கையை அவிழ்த்தார்.  பெண்களுக்குப் பின்னால், தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஓர் ஆள் மெல்லப் பின்வாங்குவதைப் பார்த்தேன். கம்பளி எங்கள் வீட்டுக் கம்பளி. குளிர் காய்ச்சல் போல என்று நினைத்தேன்.

துரை குனிந்து லாடத்தை எடுத்தார். சேற்றைத் துடைத்துப் பார்த்தார். "வெட்டு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, லாடத்தைக் கோட்டுப் பையில் போடப் போனார்.

அப்பாவின் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது லாடத்தை. சேறு போனதும் ஓட்டைகள் தெரிந்தன. வெளியே நான்கு, உள்ளே மூன்று. மூன்றாவதில் உடைந்த ஆணி.

"அது என்னோடது!" என்று கத்திவிட்டேன்.

மலையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மாவின் கை என் தோளில் இறுகியது. நான் விடவில்லை. துரையாக இருந்தால் என்ன, பொருள் என் பொருள்.

"ஏழு ஓட்டை இருக்கு, பாருங்க. மூணாவதுல ஆணி ஒடைஞ்சு நிக்கும். எம் மாமா குடுத்தது!"

துரை லாடத்தைத் திருப்பிப் பார்த்தார். எண்ணினார். அவர் முகம் மலர்ந்தது. பந்தயத்தில் தன் குதிரை முன்னால் வருவதைப் பார்க்கிறவர் முகம் அது.

"ஆ! உன்னுடையது! நல்ல பையன். சொல்லு, இங்கே யார் கொண்டுவந்து போட்டது?"

"தெரியாதுங்க. பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். காலையில பாத்தா காணோம்."

"கேட்டீர்களா?" துரை எல்லாரையும் பார்த்துக் கையை விரித்தார். "முனியாண்டி இல்லை, ஒன்றும் இல்லை. இந்தப் பையனுடைய லாடம்."

கண்டாக்கு ஐயா தலையைக் குனிந்துகொண்டார். கம்பளி போர்த்திய உருவம் ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது. அப்பா கோடாலியைக் கையில் மாற்றிப் பிடித்தார். அந்த நேரத்தில்தான் பெரியம்மா கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"அப்பிடிச் சொல்லுடா, எங் கொலசாமி!"

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடுவே வந்தாள். வெற்றிலை வாயிலிருந்து வந்த குரல் எதிர் மலையில் முட்டித் திரும்பியது.

"கேட்டீங்களாடி பொண்ணுகளா! சாமி புள்ளகிட்ட எரவல் வாங்கியிருக்கு! பச்சப் புள்ள பொட்டியில இருந்த லாடத்த எடுத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்கு! புள்ளகிட்ட இருந்தது ஒத்த லாடம். அந்த ஒத்த லாடத்த நாலு காலுக்கும் மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டுல்ல வந்திருக்காரு எங்க ஐயா! தன் மரத்த வெட்டப் போறாங்கன்னு கேட்டதும் என்னா அவசரமோ, என்னா பதட்டமோ! தொரைங்களே, நீங்களே உங்க வாயால சொன்னீங்களே, எல்லாம் ஒரே காலுன்னு! அது பொய்யா?"

துரை வாயைத் திறந்தார். அதற்குள் எழுபத்தியொரு பெண்களும் குலவை இட்டார்கள். காட்டில் இருந்த பறவையெல்லாம் எழும்பின.

குலவை அடங்கியதும் துரை விட்ட இடத்திலிருந்து பிடிக்கப் பார்த்தார். "சரி. வந்தது. வந்த தடம் இருக்கிறது. திரும்பிப் போன தடம் எங்கே?"

அது நல்ல கேள்வி. நானும் தேடினேன், இல்லை. முப்பத்தாறும் மரத்தைப் பார்த்துத்தான் வந்திருந்தன.

அம்மா என் தோளை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். துரையிடம் அவள் நேராகப் பேசியதே இல்லை. கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிட்டாலே தலையை மட்டும் ஆட்டுகிறவள்.

"போகலைங்க தொரை" என்றாள் மெதுவாக. "இங்கதான் இருக்காரு."

சொல்லிவிட்டுக் கூடையை முதுகிலிருந்து கழற்றிக் கல்லுக்கு முன்னால் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். அதற்கடுத்தவள். கூடைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எல்லாம் வெறுங்கூடை. மரத்தைச் சுற்றி வட்டம் முடிந்து, இரண்டாவது வட்டம் தொடங்கி, நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எழுபத்திரண்டாவது கூடையும் வந்து சேர்ந்தது. யாரும் கோபமாக இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். மேலே மலை முழுவதும் மழைக்குத் துளிர்த்த கொழுந்து பச்சைப் பசேலென்று பறிக்க ஆளில்லாமல் நின்றது.

கண்டாக்கு ஐயா துரையின் பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினார். "சேர், கொழுந்து முத்திரும்."

துரை கொழுந்தைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். கையிலிருந்த லாடத்தைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். நான் அவரை நேராகப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். லாடத்தைக் கல்லின் மேல் வைத்தார்.

"ரோட்டை வளை" என்றார். ஜீப்பில் ஏறும்போது, "நாற்பது செடி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கணக்கை மறக்கவில்லை.

ரோட்டு இன்றும் அங்கே வளைந்துதான் போகிறது. வளைவு வந்ததும் லொறிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போடுகிறார்கள். சுற்றிலும் தகரக் கூரை போட்டு, வெள்ளைக் குதிரையும் செய்து வைத்திருக்கிறார்கள். போன வருடம் போய்ப் பார்த்தேன். குதிரைக்கு முன்னங்காலில் மட்டும் லாடம் வரைந்திருக்கிறது, அதுவும் இடது காலில். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

பல வருடம் கழித்து, நானே வாத்தியாராகிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து சாமி பெயரில் இப்படிச் செய்யலாமா என்று. அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. "சாமி இல்லேன்னா எனக்கு அந்த யோசன எங்கேருந்து வந்துச்சு? எல்லாம் ஒரே காலுங்கிற ஓட்ட இருந்துச்சு. அத அடைக்க ஒன்னைய யாரு கத்தச் சொன்னது?" என்று கேட்டாள். நான் எழுந்து கொப்பி திருத்தப் போனேன்.

ஆனால் அன்றைக்கு, அந்த மரத்தடியில், எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அப்பா கோடாலியைக் கல்லுக்கு முன்னால் படுக்க வைத்துவிட்டு என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். அப்பா என்னைத் தூக்கியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.  சாமியின் குதிரைக்கே லாடம் கொடுத்தவன் என்பதால் அந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அந்த உயரத்திலிருந்து எல்லாத் தலையும் தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கங்காணிகூட. கம்பளிக்குள்ளிருந்து மாமா வெளியே வந்து என்னை அண்ணாந்து பார்த்தார். அவர் கைநகமெல்லாம் சேறு.

"மாமா, சாமி எப்பத் திருப்பித் தரும்?"

"மத்த மூணு காலுக்கும் லாடம் கெடைச்சதும் தந்துரும், மருமகனே" என்றார். அவருக்குக் குரல் சரியாக வரவில்லை. பாவம், காய்ச்சல்.

ஜீப் கீழே போகும் சத்தம் கேட்டது. முதல் திருப்பத்தில் கேட்டது, இரண்டாவதில் கேட்டது, ஆலைப் பக்கம் போய் அடங்கியது. அதுவரை மலை மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒருத்தி "க்ளுக்" என்றாள்.

அவ்வளவுதான். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நாலு காலுக்கும் மாத்தி மாத்தி…" என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தேயிலைச் செடிக்குள் விழுந்து சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எனக்குக் கீழே அப்பா குலுங்கினார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "சிரிக்காதீங்க! சாமி இருக்குது!" என்று மேலேயிருந்து கத்தினேன். அதைக் கேட்டதும் மலை முழுவதும் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

சாமி வந்தால் ஆடுவார்கள், அழுவார்கள், குறி சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.